வாயில்லாத் தொண்டர்கள்

நோயுற்றவரைக் காணச் செல்வோர் ஆரஞ்சும் ஆப்பிளும் ரொட்டியும் கையிலேந்திச் செல்வது நம்மவர் வழக்கம். சென்றவர் கட்டிலருகே அமர்ந்து, "இப்பொழுது எப்படி இருக்கிறது? டாக்டர் என்ன சொல்கிறார்? பசி எடுக்கிறதா?" என்று வினவுவார். அடுத்து வருபவரும் அவ்வாறே வினவுவார். பத்துப் பேருக்குப் பதில் உரைத்துக் களைத்த நோயாளர், பதினோராமவர் வருங்கால் கண்களை மூடிக்கொண்டு உறங்குவார்போற் கிடப்பதை நம்மிற் பலர் கண்டிருக்கலாம். வினவுவோரின் அன்பில் குறையொன்றுமில்லை. ஆயினும், ஒன்றும் வினவாமல், அறிவுரை கூறாமல், பதிலை எதிர்பாராமல் அருகில் அமர்ந்திருக்கும் துணையொன்று கிடைக்குமானால் நோயுற்ற நெஞ்சம் அதனை எத்துணை விரும்பும்!

அத்தகைய துணையை மனிதரிடையே தேடிக் காண்பது அரிது. விலங்குகளிடையே அது எளிதிற் கிடைக்கின்றது என்பதை உலகம் மெல்ல மெல்ல உணர்ந்து வருகிறது. பயிற்சி பெற்ற நாய், பூனை, முயல், குதிரை ஆகியவற்றை மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் அழைத்துச் சென்று ஆறுதல் அளிக்கும் தொண்டு இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றது. அத்தொண்டினைக் குறித்து நம் சங்கத்துக் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இதனை எழுதப் புகுந்தோம். எழுதத் தூண்டியது நூலறிவன்று. நம் நகரத்துத் திண்ணையொன்றில் நாம் கண்ட காட்சியே.

ஒரு திண்ணைக் காட்சி

முதியோரைக் கண்டு வரும் அன்பர்களோடு நாம் வலியசாலைப் பக்கத்தில் ஒரு வீட்டிற்குச் சென்று வருவதுண்டு. அங்கே எண்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் தனியே வாழ்கின்றார். மகன் அமெரிக்காவில், மகள் சிங்கப்பூரில். சமையலுக்கு ஒரு பெண்மணி வந்து செல்கின்றார். கணவர் மறைந்தபின் அம்மையார் பேச்சைக் குறைத்தார். பின்னர் ஏறக்குறைய நிறுத்தியே விட்டார். நாம் சென்று அமர்ந்தால் தலையசைப்பார். காபி தரச் சொல்லிக் கையால் குறிப்புக் காட்டுவார். அவ்வளவே. மக்கள் இருவரும் தொலைபேசியில் அழைத்தால், "சரி", "உம்" என்பதோடு முடித்துக்கொள்வார். காது கேளாமையோ என ஐயுற்று மருத்துவரிடம் காட்டினர், காதில் குறையில்லை.

அடுத்த வீட்டில் நாகர்கோவிலைச் சேர்ந்த ஒரு குடும்பம் குடியிருந்தது. வீட்டுத் தலைவர் வங்கி ஊழியர். அவர்கள் வளர்த்த செந்நிற நாட்டு நாய்க்கு மணி என்று பெயர். அது நாள்தோறும் மாலையில் அம்மையாரின் திண்ணையில் ஏறிப் படுத்துக்கொள்ளும். முதலில் அவர் அதனை விரட்டினார். சின்னாட்களில் விரட்டுவதை நிறுத்தினார். ஒருநாள் மாலை நாம் வாசலை அடையும்பொழுது உள்ளிருந்து குரல் கேட்டது: "வாடா மணி, இன்னிக்கு ஏன் இவ்வளவு நாழி?"

பல மாதங்களாக ஒரு முழு வாக்கியம் கூறியறியாத அம்மையாரின் குரல் அது. நாம் வாசலிலேயே நின்றுவிட்டோம். அவர் நாயிடம் அன்றைய சமையலைக் கூறினார், மழை வருமென்றார், மறைந்த கணவர் மழைநாளில் குடையை மறந்துவிட்டுச் செல்வதைக் கூறினார். மணி வாலை ஆட்டிக்கொண்டு படுத்திருந்தது. அதன்பின் சில வாரங்களில் அவர் நம்மோடும் இரண்டொரு சொற்கள் பேசலானார். பேச்சின் பொருள் பெரும்பாலும் மணிதான். மகளோடு தொலைபேசியில் பேசும்பொழுதும் மணியின் குறும்புகளைக் கூறுவார் என்று பின்னர் அறிந்தோம்.

நாய் வந்தமையால் அவர் துயர் தீர்ந்துவிட்டது என்று கூறமாட்டோம். துயர் தீரவில்லை, மூடிக்கிடந்த கதவொன்று சிறிது திறந்தது. அதன்பின் நேர்ந்ததையும் மறைக்காமல் பிற்பகுதியிற் கூறுவோம். அதற்கு முன்னர் இத்தொண்டின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

மேனாட்டார் கண்ட வழி

இங்கிலாந்தில் யார்க் நகரில் 1796-ஆம் ஆண்டு மனநோயாளர்க்கென ஒரு விடுதி திறக்கப்பெற்றது. வில்லியம் டியூக் என்பவர் தலைமையில் அமைந்த அவ்விடுதி, நோயாளரைச் சங்கிலியால் பிணித்து வைத்த அக்காலத்து வழக்கத்தைக் கைவிட்டது. அதன் முற்றங்களில் முயல்களும் கோழிகளும் பிற சிற்றுயிர்களும் விடப்பட்டிருந்தன. தம்மைத்தாமே மறந்தவர்கள், தம்மினும் எளிய உயிரைப் பேணுங்கால் பொறுப்பும் அமைதியும் பெறுவர் என்பது அவ்விடுதியினர் கண்ட உண்மை.

செவிலியர் தொண்டிற்குப் புதுவழி கண்ட பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் வெளியிட்ட செவிலியம் பற்றிய நூலில், நெடுநாள் படுக்கையிற் கிடக்கும் நோயாளர்க்குச் சிறிய வளர்ப்புயிர் சிறந்த துணையாகும் என்று குறித்துள்ளார். அவர் தாமே ஏதீனா என்னும் சிறு ஆந்தையை வளர்த்தவர். அதனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உலவுவாராம்.

இவை தனி மனிதர் கண்ட அனுபவங்கள். இதனை ஒரு மருத்துவ முறையாக எண்ணிப் பார்க்கத் தொடங்கியது 1960-களில்தான். நியூயார்க் நகரில் போரிஸ் லெவின்சன் என்னும் குழந்தை உளவியலறிஞர் இருந்தார். எவரோடும் ஒட்டாத சிறுவன் ஒருவனை அவன் பெற்றோர் குறித்த நேரத்திற்கு முன்னரே அழைத்து வந்துவிட்டனர். அறையிலிருந்த அறிஞரின் நாய் ஜிங்கிள்ஸ் ஓடிச்சென்று சிறுவனை முகர்ந்தது. அவனோ அஞ்சாமல் அதனைக் கட்டிக்கொண்டான். அடுத்தடுத்த நாட்களில் நாயோடு விளையாடிய சிறுவன், சிறிது சிறிதாக அறிஞரையும் தன் விளையாட்டிற் சேர்த்துக்கொண்டான். இதனை லெவின்சன் 1961-இல் அறிஞர் அவையில் எடுத்துரைத்தபொழுது நகைத்தவர்களும் உண்டு. அவர் சோர்வடையாமல் 1962-இல் கட்டுரையாக வெளியிட்டார். இன்று இத்துறையின் முன்னோடியாக உலகம் அவரையே போற்றுகின்றது.

1976-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் எலைன் ஸ்மித் என்னும் செவிலியர், நாய்களைச் சோதித்துப் பதிவு செய்து தொண்டிற்கு அனுப்பும் அமைப்பொன்றை நிறுவினார். 1983-இல் இங்கிலாந்திலும் அத்தகைய சங்கம் தோன்றியது. 2013 முதல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில், பயணிகளின் படபடப்பைத் தணிக்கும் பொருட்டுத் தொண்டர்கள் தம் நாய்களோடு உலவுகின்றனர். விமான நிலையத்தில் மக்களையும் பேரப்பிள்ளைகளையும் வழியனுப்பிவிட்டுக் கண்ணீரோடு திரும்பும் நம் குடும்பத்தார்க்கு அதன் அருமையை விளக்கவும் வேண்டுமோ?

சென்னையில் நடந்தது

ஆசியாவில் இத்தொண்டு பரவியது ஹாங்காங் வழியாக. ஜில் ராபின்சன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி 1991-இல் மாக்ஸ் என்ற தம் நாயைக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றிற்கு அழைத்துச் சென்றார். 'டாக்டர் டாக்' என்று பெயர் பெற்ற அத்திட்டம் பின்னர் ஆசிய நாடுகள் பலவற்றில் பரவியது. இந்தியாவில் அதனை ஏற்று நடத்தியது சென்னையின் புளூ கிராஸ் சங்கம்.

புளூ கிராஸ் தோன்றிய கதை நெஞ்சை நெகிழ்விப்பது. 1959-இல் சென்னையில் பெருமழை பெய்தபொழுது, வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானியான கேப்டன் வி. சுந்தரம் கரையேற்றி வீட்டிற்குக் கொண்டு வந்தார். அவர்தம் துணைவியார் உஷா சுந்தரமும் விமானம் ஓட்டிய இந்தியப் பெண்மணிகளுள் முன்னோடி. அவ்வில்லத்தில் தொடங்கிய பரிவே சங்கமாக வளர்ந்தது. தெருநாய்களைக் கொல்லாமல், கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசியும் இட்டு விடும் முறையை 1964 முதல் வலியுறுத்தியவர் அவர்தம் மகன் சின்னி கிருஷ்ணா ஆவார். 2001-இல் மத்திய அரசு வகுத்த விதிகள் அம்முறையையே நாடு முழுமைக்கும் உரியதாக்கின.

சென்னையில் ஆழ்வார்ப்பேட்டை எல்டாம்ஸ் சாலையிலுள்ள சி. பி. இராமசுவாமி ஐயர் அறக்கட்டளை நடத்தும் சரஸ்வதி கேந்திரம், கற்றலில் இடர்ப்படும் குழந்தைகளுக்கும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் உரிய கூடம். அங்கும் நாய்களின் துணையோடு பயிற்சியளிக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. சி. பி. என்ற ஈரெழுத்துக்கள் திருவனந்தபுரத்தார்க்கு அயலானவை அல்ல. 1936 முதல் 1947 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர் அவர். அவருடைய ஆட்சியைப் பற்றி இந்நகரில் இருவேறு கருத்துக்கள் இன்றும் உண்டு. அவர் பெயரால் அமைந்த கூடத்தில், பேசவியலாத குழந்தையொன்று நாயின் கழுத்தைத் தடவி முதன்முறையாகச் சிரிக்குமானால், அச்சிரிப்பைப் பற்றி இருவேறு கருத்து எவர்க்கும் இராது.

மும்பையிலும் அனிமல் ஏஞ்சல்ஸ் என்னும் அறக்கட்டளை பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் இப்பணியைச் செய்து வந்துள்ளது. ஆகவே, இது மேனாட்டாரின் ஆடம்பரம் என்று எவரும் ஒதுக்குதல் வேண்டா. நாயின் நன்றியை நம் முன்னோர் அறியாதவரல்லர். பழகிய பாகனையே கொல்லும் யானையினும், எறிந்த வேல் உடலிற் கிடக்கவும் வாலாட்டும் நாயின் கேண்மையே மேலானது என்னும் கருத்தை நாலடியாரிற் காண்கிறோம். பாரதக் கதையின் முடிவில், தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுத் துறக்கம் புகேன் என்று தருமன் மறுத்து நின்றதும் நாம் இளமை முதல் கேட்டறிந்ததே.

விலங்கு செய்வது யாது?

ஆறுதல் என்பது எவ்வாறு நிகழ்கின்றது? இதனை ஆராய்ந்த அறிஞர் கூறுவன சில உள. தாய் சேயை நோக்குங்கால் உடலில் ஊறும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு, நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்குங்காலும் இருவர் உடலிலும் மிகுகின்றது என்பதை ஜப்பானிய அறிஞர்கள் 2015-இல் ஆராய்ந்து வெளியிட்டனர். பழகிய விலங்கைத் தடவிக்கொண்டிருக்குங்கால் மனத்தின் இறுக்கம் தளர்வதைக் காட்டும் ஆய்வுகளும் உண்டு.

எனினும் இம்முறை எந்நோயையும் குணப்படுத்தும் என்று கூறுதல் பிழை. மருந்தை நிறுத்திவிட்டு நாயை வளர்க்கலாம் என்று எவரேனும் கூறின் அவர் சொல்லைக் கேளற்க. நாய் செய்வது, மருத்துவரும் செவிலியரும் செய்யும் பணிக்கு நோயாளரின் மனத்தை இசைவிப்பது. கை அசைக்க மறுக்கும் முதியவர், நாயின் மயிரைக் கோதுவதற்காகக் கையை அசைக்கின்றார். வாய்விட்டுப் படிக்க நாணும் சிறுவன், பிழை கண்டு நகைக்காத நாயின் முன் அமர்ந்து படிக்கின்றான். இவ்வளவே அதன் எல்லை. இவ்வளவும் சிறிதன்று.

இன்னுமொன்று எளிதிற் புலப்படாதது. நாய் தனியே வருவதில்லை. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரும் வருகிறார். "உன் பெயரென்ன?" என்று நாயிடம் தொடங்கும் பேச்சு, "தங்களுக்கு எந்த ஊர்?" என்று அவரிடம் வந்து சேர்கின்றது. நலம் விசாரிப்பாரை வெறுத்தவர்கள், நாயைப் பற்றி விசாரிக்கத் தாமே வாய் திறக்கின்றனர். முதியோர்க்கு மனிதரையும் மனிதர்க்கு முதியோரையும் மீட்டுத் தரும் தூதன் என்று இவ்விலங்கினைக் கூறலாம்.

அச்சமும் ஆசாரமும்

திண்ணையிற் கண்ட காட்சியை நாம் அன்பர்கள் சிலரிடம் கூறி, இத்தகைய தொண்டினை நம்மவரிடையே தொடங்கினால் என்ன என்று கேட்டபொழுது, ஒருவர் சட்டென்று எழுந்தார். அவருடைய மகனைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் தெருநாய் கடித்துவிட்டது. ஊசி போட்ட அந்நாட்களில் தாமும் மனைவியும் பட்ட பாட்டை அவர் கூறினார். "நாய் என்றால் உங்களுக்கு ஆறுதல், எங்களுக்கு உறக்கமில்லாத இரவுகள்" என்றார். அவையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

அவர் கூறியதில் பிழையில்லை. வெறிநோய் குறிகள் தோன்றியபின் ஏறக்குறைய எவரையும் விடாமல் உயிர் கொள்வது. கேரளத்தில் தெருநாய்க் கடியால் குடும்பங்கள் துன்புற்ற செய்திகளை நாம் அனைவரும் நாளிதழ்களிற் படித்து வருகிறோம். ஆதலின் நாய் கடித்தாலோ கீறினாலோ செய்ய வேண்டியதை இங்கேயே கூறிவிடுதல் கடமை. காயத்தைச் சோப்பும் ஓடுகின்ற நீரும் கொண்டு 15 நிமிடம் நன்கு கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு முதலியவற்றை அப்புதல் தீங்கு. காலந்தாழ்த்தாமல் அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்கி, குறித்த நாட்களில் தவறாமல் முடித்தல் வேண்டும். ஆழ்ந்த காயமாயின் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் தேவைப்படும். வளர்ப்பு நாய் தானே, குட்டி தானே என்று வாளாவிருத்தல் ஆகாது. நீலகிரியின் குன்னூரில் 1907 முதல் இருந்து வரும் பாஸ்டர் நிலையம் தென்னாட்டில் இந்நோய்த் தடுப்பிற்கு ஆற்றிய பணி பெரிது. அன்று மலையேறிச் சென்று பெற வேண்டியிருந்த காப்பு இன்று நம் நகரிலேயே கிடைக்கின்றது.

ஆனால் தெருவிற் திரியும் நாய் வேறு. தொண்டிற்குச் செல்லும் நாய் வேறு. பின்னது ஆண்டுதோறும் தடுப்பூசி பெற்றது, இயல்பறிந்து சோதிக்கப்பெற்றது, எந்நேரமும் தன் தலைவரின் கையிலுள்ள கயிற்றிற்குக் கட்டுப்பட்டது. இவ்வேறுபாட்டைக் கூறியபின்னும் அச்சம் நீங்காதவரை நாம் வற்புறுத்தலாகாது. அச்சமுடையார்க்கு ஆறுதல் என்ற பெயரால் நாயைக் காட்டுதல் கொடுமையாகும்.

ஆசாரத்தைக் கருதுவோரும் நம்மிடையே உண்டு. நாய் நுழைந்த வீட்டில் பூசையறை தீட்டுப்படும் என்பார் மனத்தைப் புண்படுத்த நாம் விரும்பவில்லை. அவர்க்கு நாம் கூறுவது ஒன்றே: திண்ணை இருக்கின்றது, முற்றம் இருக்கின்றது, நாய் அவற்றைத் தாண்டி வர வேண்டியதில்லை. நாம் கண்ட அம்மையாரும் ஆசாரத்தில் ஒரு சிறிதும் குறையாதவரே. மணி ஒருநாளும் வாசற்படியைத் தாண்டியதில்லை.

கடைப்பிடிக்க வேண்டியவை

இத்தொண்டில் ஈடுபட விரும்புவோர் அறிய வேண்டிய விதிகள் சில. முதலாவது, நாயின் இயல்பு. உயர்ந்த சாதி நாயாதல் வேண்டும் என்பதில்லை. நாட்டு நாயே போதும். ஒரு வயதாவது நிரம்பியிருத்தல் வேண்டும். திடீரென்று பாத்திரம் விழுந்தாலும், சக்கர நாற்காலி உருண்டாலும், அயலார் தலையைத் தொட்டாலும் உறுமாமலும் பாயாமலும் அமைதியாய் இருத்தல் வேண்டும். அமர், நில், விடு என்னும் சொற்களுக்குக் கட்டுப்பட வேண்டும். சினம் கொள்ளும் நாயை அன்பினால் திருத்திவிடலாம் என்று துணிந்து நோயாளரிடம் கொண்டு செல்லுதல் தகாது.

இரண்டாவது, தூய்மை. வெறிநோய்த் தடுப்பூசியோடு, மலையாளத்தில் எலிப்பனி எனப்படும் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியும் நாய்க்கு இடுதல் நன்று. மழை மிகுந்த இம்மாநிலத்தில் அந்நோயின் தொல்லை பெரிது. குடற்புழு நீக்கம், உண்ணி நீக்கம், நகம் வெட்டுதல், செல்லும் நாளில் குளிப்பாட்டித் துவட்டுதல் ஆகியன இன்றியமையாதன. மிருகாஸ்பத்திரி டாக்டரின் சான்றும் மாநகராட்சியின் உரிமமும் கையிலிருத்தல் வேண்டும். நாயைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கை கழுவ வேண்டும். முகத்தை நக்க விடலாகாது.

மூன்றாவது, விலக்க வேண்டிய இடங்கள். ஆறாத புண்ணுடையோர், புற்றுநோய் மருத்துவத்தால் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோர், மயிரினால் மூச்சுத்திணறல் உறுவோர் ஆகியோரிடம் மருத்துவர் இசைவின்றிச் செல்லலாகாது.

நான்காவது, விலங்கின் நலம். நாய்க்கும் களைப்பு உண்டு. அடிக்கடி கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், வாலை ஒடுக்குதல், முகத்தைத் திருப்புதல் ஆகியன அது "போதும்" என்று கூறும் மொழி. ஒரு நாளில் ஒரு மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது. நம் ஊர் வெயிலில் தார்ச்சாலை அதன் பாதத்தைச் சுடும். காலையிலோ மாலையிலோ அழைத்துச் செல்லுதல் வேண்டும். பிறர் துயர் தீர்க்கப் புகுந்து, வாயில்லா உயிருக்குத் துயர் விளைத்தல் அறமாகாது.

நாய்தான் வேண்டும் என்பதுமில்லை. அமைதியான பூனையும் முயலும் இப்பணிக்கு உதவும். தொட்டியில் நீந்தும் வண்ண மீன்களைக் கண்டு அமைதியுறும் முதியோரும் உளர். போலியோவினால் முழங்காலுக்குக் கீழே வலுவிழந்த டென்மார்க்கு நாட்டு லிஸ் ஹார்டெல் அம்மையார் 1952-இல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றமை, ஊனமுற்றோர்க்குக் குதிரைச் சவாரிப் பயிற்சி அளிக்கும் முறை பல நாடுகளிற் பரவத் தூண்டுகோலாயிற்று. ஜப்பானியர், உயிர் விலங்கைச் சேர்க்கவியலாத இல்லங்களுக்கென்று பாரோ என்னும் கடல்நாய் வடிவப் பொம்மையைச் செய்துள்ளனர்; தடவினால் அது கண் சிமிட்டி ஒலியெழுப்பும். கிளி வளர்க்கலாமே என்று கருதுவோர் ஒன்றை நினைவிற் கொள்க: நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

நம்மால் ஆவது

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கேரள மக்களில் 12.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இந்தியா முழுமைக்கும் அது 8.6 விழுக்காடே. மக்கள் கடல் கடந்து சென்றுவிட, பெரிய வீடுகளில் முதியோர் இருவராகவும் ஒருவராகவும் எஞ்சியிருக்கும் நிலை மலையாளக் குடும்பங்களுக்கும் நமக்கும் பொதுவானது. நமக்கு மற்றுமோர் இடருண்டு. இளமையில் மலையாளம் சரளமாய்ப் பேசிய நம் பெரியோர் சிலர், மறதி நோயுற்ற காலத்தில் தாய்மொழி ஒன்றையே பற்றிக்கொள்கின்றனர். செவிலியர் கூறுவது அவர்க்கு விளங்குவதில்லை. அவர் கூறுவது செவிலியர்க்கு விளங்குவதில்லை. மொழி வேண்டாத துணையின் அருமை அங்கே புலப்படும். கயிற்றைப் பிடித்து வருபவர் தமிழறிந்தவராயின் பயன் இரட்டிப்பாகும்.

தொண்டர் வீடு தேடிச் செல்லும் நெறியில் கேரளம் பாரதத்திற்கே வழிகாட்டி. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரணப் பணி ஊர்தோறும் தொண்டர் அணியாகப் பரவியது. 2008-இல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலம் கேரளமே. அப்பணியின் முன்னோடிகளுள் ஒருவரான டாக்டர் எம். ஆர். ராஜகோபால் 2003-இல் நிறுவிய பேலியம் இந்தியா, நம் திருவனந்தபுரத்தையே இருப்பிடமாகக் கொண்டது. ஆகவே, நோயுற்றோர் வீட்டுக் கதவைத் தட்டும் தொண்டர் இந்நகருக்குப் புதியவரல்லர். அவரோடு ஒரு நாயும் வருவதுதான் புதுமை.

இனி, முன்னர்க் கூறாமல் வைத்ததைக் கூறுவோம். அடுத்த வீட்டு வங்கி ஊழியர்க்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. குடும்பம் சென்றது, மணியும் சென்றது. அம்மையார் சில நாட்கள் மாலைதோறும் திண்ணையில் வந்து அமர்ந்திருந்தார். பின்னர் அதையும் நிறுத்தினார். நாம் சென்றால் மீண்டும் தலையசைப்பு மட்டுமே.

எவர்மீதும் குற்றமில்லை. மாற்றல் வந்தால் செல்லத்தானே வேண்டும்? ஆனால் இதிலிருந்து நாம் கற்ற பாடமொன்று உண்டு. தந்த ஆறுதலைத் திடீரென்று நிறுத்துதல், தராமலே இருப்பதினும் கொடிது. ஒரு வீட்டிற்குச் செல்லத் தொடங்கின் வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த வேளையில் செல்லுதல் வேண்டும். வரவியலாத வாரத்தை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். ஒருவர் ஊர் மாறினால் அவர்க்குப் பதிலாக மற்றொருவர் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். தனி மனிதரின் இரக்கம் மாற்றல் உத்தரவோடு போய்விடும். சங்கமாகக் கூடிச் செய்யும் பணி நிற்கும். சங்கம் என்று ஒன்று வைத்திருப்பது இதற்கன்றோ?

ஆதலின் நம் வேண்டுகோள் மிகச் சிறியது. சாந்தமான நாய் வளர்க்கும் குடும்பங்கள் கரமனையிலும் கோட்டைப் பகுதியிலும் வலியசாலையிலும் இருப்பின், அவர்கள் தம் பெயரைச் சங்கத்தில் தெரிவிக்கலாம். முதலில் இரண்டு நாய்களும் நான்கு தொண்டர்களும் போதும். கால்நடை மருத்துவர் ஒருவரைக் கொண்டு சோதித்தபின், விரும்பி அழைக்கும் வீடுகளுக்கு மட்டும் சென்று ஓராண்டு பார்ப்போம். நாய் வளர்க்காதவர்கள் சும்மா இருக்க வேண்டுவதில்லை. கயிற்றின் மறுமுனையில் இருக்க வேண்டியவர் மனிதரே என்பதை மேலே கூறினோம். நாயின்றியும் சென்று அமர்ந்திருக்கலாம். கேள்விகளைக் குறைத்துக்கொண்டு சென்றால் போதும்.

நாய்க்கடியைக் கூறி எழுந்தாரே ஓர் அன்பர், அவர் சென்ற வாரம் நம்மைத் தனியே கண்டார். "என் வீட்டிற்கு நாய் வேண்டா. ஆனால், சோதிக்கும் நாளில் நானும் வந்து பார்க்கிறேன். எனக்குத் திருப்தியானால்தான் அது பிறர் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும்" என்றார். அவரைவிடத் தகுந்த தேர்வாளர் நமக்குக் கிடைக்கமாட்டார். சோதனைக் குழுவில் முதற் பெயராக அவர் பெயரையே எழுதிக்கொண்டோம்.

வலியசாலைத் திண்ணை இன்னும் காலியாகவே இருக்கின்றது.